நிழலைச் சுற்றிய ஆடுகள்

அந்தக் காலத்தில் ஆட்டுக்கு வாய் இருந்தது மேய்வதற்கு மட்டும் அல்ல, பேசுவதற்கும்தான். மரமும் பேசும். ஆனால் மரம் குறைவாகப் பேசும், ஆடு ஓயாமல் பேசும். மனிதர்கள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ பேசிக்கொண்டு பிழைத்து வந்தார்கள்.

கரிசல் மண் முடிந்து செம்மணல் மேடான தேரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மேய்ச்சல் காடு கிடந்தது. காடு என்றதும் அடர்ந்த மரங்களை நினைத்துவிடக் கூடாது. புல் முளைக்கிற வெறும் நிலத்தையும் அந்தப் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வார்கள். அங்கே இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ண ஒரு கை போதும். ஒரு வீட்டில் சண்டை வந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. அடுத்த வீட்டில் பிள்ளை பிறந்த சேதி, அந்தப் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் வந்து சேரும். ஆடு மட்டும் உண்டு. அதுவும் எல்லாம் செம்மறி ஆடு.

அந்தச் செம்மறிகள் தலையை நிமிர்த்தித்தான் நடந்தன. எதிரே வருகிறவரை நேருக்கு நேர் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள், அங்கே புல் எப்படி, தண்ணீர் உப்பா நல்லதா என்று விசாரிக்காமல் விடமாட்டா. ஆள் இல்லாத ஊரில் இருக்கிற ஒன்றிரண்டு ஆட்களைப் பேச்சுக்கு இழுக்கத்தானே செய்வார்கள்.

அந்தப் பரப்புக்கு நடுவில் ஒரே ஒரு வேல மரம் நின்றது. அப்போது அதற்கு முள் கிடையாது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கிளைகள் சுற்றிலும் தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து, ஆட்டுக்குட்டியை மூடி வைக்கும் கூடையைக் கவிழ்த்ததுபோல இருக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் உச்சிப் பொழுதிலும் கண் இருட்டும். ஒரு மந்தை தாராளமாகப் படுக்கலாம். இரண்டாவது மந்தைக்கு இடம் இல்லை.

அதனால் அங்கே ஒரு முறை இருந்தது. பிந்தி வருகிறவருக்கே நிழல். நிழலில் இருப்பவர், தூரத்தில் யாராவது வருவதைக் கண்டால் எழுந்து இடம் விட்டுவிட வேண்டும். முந்தி வந்தவர் ஏற்கெனவே கொஞ்சம் இளைப்பாறியிருப்பார், பிந்தி வந்தவர் அதிக வெயில் தின்றிருப்பார். இதுதான் கணக்கு. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. நல்ல முறைதான். மனிதரும் ஆடும் அதைப் பற்றிப் பெருமையாகவே பேசிக்கொள்வார்கள். உண்மையைச் சொல்வதென்றால், அவ்வளவு பெரிய வெளியில் இரண்டு மந்தைகள் ஒரே மத்தியானத்தில் அந்த மரத்தடிக்கு வந்து சேர்வது அபூர்வம். அந்த முறை அதுவரை யாருக்கும் வலித்ததில்லை. வலிக்காத முறையைக் காப்பாற்றுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

பிறகு மழை பொய்க்கத் தொடங்கியது. ஒரு வருஷம் பொய்த்தால் தாங்கலாம், அது தொடர்ந்து பொய்த்தது. பிறந்த குட்டிகள் பிழைத்து நிற்கவில்லை. இருக்கிற ஆடுகளுக்கெல்லாம் வயசாகிக்கொண்டே போனது. கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றி, கடைசியில் வேல மரத்துக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆழக் கிணற்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது.

அந்தக் கோடையில் ஒரு நாள், உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், இருளப்பன் தன் மந்தையோடு மரத்தடியில் இருந்தார். தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர். தனி ஆள். அவருடைய மந்தையை நடத்துவது கொம்பன் என்கிற கிடா. கொம்பு இரண்டும் காதோரம் ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் வந்திருக்கும். அடிமரத்தை ஒட்டிய இடம்தான் நிழலில் குளிர்ச்சியான இடம். கொம்பன் அங்கேதான் படுப்பான்.

வடக்கே புழுதி தெரிந்தது. இருளப்பன் எழுந்து துண்டை உதறினார்.

"எந்திரிங்கப்பா. ஆளு வருது."

"நாம வந்தே கொஞ்ச நேரந்தான ஆகுது?" என்றான் கொம்பன்.

"வந்தோம்ல? அப்ப எந்திரிக்கணும்."

மந்தை முனகிக்கொண்டே வெளியே வந்தது. கொம்பன் கடைசியாக வந்தான்.

புழுதிக்குள்ளிருந்து வந்தவள் வெயிலுகந்தாள். வடக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் புல் இருக்கும் இடம் பார்த்துவர மேற்கே போயிருந்தான், இன்னும் திரும்பவில்லை. மந்தை அவள் பொறுப்பில் இருந்தது. முந்தானையை ஏணைபோல முடிந்து தோளில் போட்டிருந்தாள். அதற்குள் ஒரு குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும், காது மட்டும் வெளியே தொங்கியது. பக்கத்திலேயே அதன் தாய் நடந்து வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஆடு. பெயரும் சுட்டிதான். அவளுடைய மந்தைக்கு முன்னோடி அதுதான்.

"வா தாயி. உள்ள போ. ரொம்பத் தூரம் நடந்துட்டியோ?" என்றார் இருளப்பன்.

"விடியமுன்ன கெளம்புனது அண்ணாச்சி. இதத் தூக்கிக்கிட்டு வெரசா நடக்க முடியல."

"குட்டியா? எங்கிட்ட ஒண்ணுகூட நிக்கல."

"எனக்கும் இது ஒண்ணுதான். பொட்டக் குட்டி. மத்ததெல்லாம் கிழடு தட்டிப் போச்சு, இனிமே ஈனாது. இது நின்னாத்தான் நம்ம காட்டுல இனி ஆடுன்னு ஒண்ணு இருக்கும். இல்லாட்டி வீட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

இருளப்பன் குட்டியை எட்டிப் பார்த்தார். குனிந்து அடிமரத்தின் பக்கத்தில், கொம்பன் படுத்திருந்த இடத்தில், சருகை ஒதுக்கிக் கொடுத்தார். வெயிலுகந்தாள் அங்கே குட்டியைக் கிடத்தினாள். சுட்டி அதை ஒட்டிப் படுத்தது.

"தண்ணிதான் சங்கடம்" என்றார் இருளப்பன். "கெணறு கீழ போயிருச்சு. ஒத்த ஆளா எறைக்க முடியல. ஒருத்தர் கயித்த இழுக்கணும், ஒருத்தர் தோல்வாளியப் பிடிச்சுச் சாய்க்கணும்."

"நான் வாரேன். இதுகள யாரு பாப்பா?"

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? பிந்தி வந்தது உன் மந்த. நெழலு உனக்கு. முறை இருக்குல்ல, அது பாத்துக்கிடும்."

இரண்டு பேரும் தோல்பைகளை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனார்கள். கூப்பிட்டால் கேட்காத தூரம்.

கொம்பனின் மந்தை வெயிலில் நின்றது. தரை கொதித்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நின்ற கொம்பனுக்கு ஒரு யோசனை வந்தது. தன் மந்தையை ஓடைக்கரை வரைக்கும் நடத்திப் போனான். திருப்பினான். திரும்ப மரத்தடிக்கு வந்து கிளைக்குள் தலையை நுழைத்தான்.

"ஏ புள்ள, எந்திரி. நாங்க இப்பத்தான் வாரோம்."

சுட்டி கண்ணைத் திறந்தது. "எங்கேருந்து?"

"ஓடைப் பக்கமிருந்து."

"இப்பத்தான இங்கேருந்து எந்திரிச்சுப் போனீக மாமா?"

"போனேன். இல்லேங்கல. போனவன் திரும்ப வந்திருக்கேன். இப்பப் பிந்தி வந்தது யாரு? நீயே சொல்லு."

சுட்டி யோசித்தது. எங்கோ தப்பு இருப்பது தெரிந்தது. எங்கே என்றுதான் சொல்ல முடியவில்லை. முறைப்படி பார்த்தால் பிந்தி வந்தது கொம்பன்தான். அது எழுந்தது, மந்தையும் எழுந்தது. அசந்து தூங்கிய குட்டியை எழுப்ப மனம் வராமல் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தது.

வெளியே வந்த பிறகுதான் அதற்கும் புத்தி வேலை செய்தது. மேற்கே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. மந்தையை அதுவரை நடத்திப் போய்த் திரும்பியது.

"எந்திரிங்க மாமா. நாங்க பாறைப் பக்கமிருந்து வாரோம்."

கொம்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் தன் பேச்சைத் தானே எப்படி மறுப்பான்? எழுந்தான். இந்தத் தடவை ஓடைவரை போகவில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டான். சுட்டி பாறைக்குப் பாதி தூரத்தில் திரும்பியது. அடுத்து பக்கத்தில் இருந்த ஆவாரஞ்செடிவரை. அடுத்து மரத்தைச் சும்மா ஒரு சுற்று. ஒரு மந்தை உள்ளே போய் முழங்கால் மடக்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வயசான ஆடுகள் மூச்சு வாங்கின. ஆனாலும் யாரும் விடுவதாக இல்லை. நேற்றுவரை கண்ட இடத்தில் நின்று ஊர்க்கதை பேசிய ஆடுகள் இவை.

இரண்டு மந்தையும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்ட ஒரு வேளையில் கொம்பன் சட்டென்று நின்றான். இப்போது யார் முதலில் உள்ளே போகிறார்களோ அவர்கள்தான் முந்தி வந்தவர்கள். முந்தி வந்தவருக்கு நிழல் இல்லை. ஆகவே உள்ளே போகக் கூடாது. அடுத்தவர்களைப் போகவிட்டுத்தான் போக வேண்டும்.

சுட்டிக்கும் அது அதே நொடியில் புரிந்தது.

அதன் பிறகு ஒருவரும் உள்ளே போகவில்லை. நின்ற இடத்தில் நிற்கவும் முடியாது, நின்றால் வந்து சேர்ந்ததாக ஆகிவிடும். அதனால் இரண்டு மந்தையும் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தன. நீங்கள் போங்கள் என்று அவை இவற்றிடம் சொல்ல, நீங்கள்தான் போங்களேன் என்று இவை அவற்றிடம் சொல்ல, கேட்கிறவர்களுக்கு ஏதோ உபசாரம் நடப்பதாகத்தான் தோன்றும். நடுவில் அவ்வளவு பெரிய நிழல் ஒரு ஆடுகூட இல்லாமல் கிடந்தது.

இல்லை, ஒன்று இருந்தது. குட்டி விழித்துக்கொண்டது. பக்கத்தில் தாய் இல்லை. கிளைக்கு வெளியே தாயின் கால்கள் போவது தெரிந்தது. தட்டுத் தடுமாறி வெளியே வந்து பின்னால் நடந்தது.

"நீ உள்ள போய்ப் படு கண்ணு" என்றது சுட்டி.

"நீ வா."

"நான் வரக் கூடாது. நீ போ."

"ஒத்தையாப் படுக்க மாட்டேன். நீ வா."

சுட்டி கிளையைப் பார்த்தது. நாலு எட்டு வைத்தால் நிழல். குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கலாம். பின்னாலிருந்து அதன் மந்தை கத்தியது. "உள்ள போயிராத! போனா தோத்தோம்! இம்புட்டு நேரம் நடந்ததெல்லாம் வீணாப் போகும்!" சுட்டி முன்னால் நடந்தது. குட்டி அதன் பின்னால் நடந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. கொம்பன் மேல் அல்ல. அவன் சுயநலக்காரன், அவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? சுட்டி மேல்தான் கோபம். அந்தக் குட்டிக்காகத்தான் விடியுமுன் புறப்பட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்தது. நிழல் எதற்கு என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

மரம் அதுவரை பேசவில்லை. அதன் வேரெல்லாம் குளம்பு பட்டு நசுங்கியிருந்தது. இடித்துக்கொண்டு போனதில் தாழ்ந்த கிளைகள் ஒடிந்து தொங்கின.

"உள்ள இடம் சும்மாதான கெடக்கு" என்றது மரம்.

"இடம் கெடக்கட்டும்" என்றான் கொம்பன் நடந்துகொண்டே. "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"குட்டிக்கு நாக்கு தொங்குது."

ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்றும் போனது.

"நெழலு வேண்டாதவங்களுக்கு நான் எதுக்கு இம்புட்டுத் தாழக் குனிஞ்சு நிக்கணும்?" என்றது மரம்.

சொல்லிவிட்டுக் கிளைகளை மேலே தூக்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காய்ந்த கதவு திறப்பதுபோல ஒரு முனகல், அவ்வளவுதான். தரையைத் தொட்டுக் கிடந்த கிளைகள் எல்லாம் ஆட்டின் வாய்க்கும் குளம்புக்கும் எட்டாத உயரத்துக்குப் போய்த் தட்டையாக விரிந்து நின்றன. உள்ளங்கை அகல இலைகள் எள்ளளவாகச் சுருங்கின. ஒடிந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக முள் நீட்டியது. கீழே இருந்த இருட்டு முழுவதும் போய்விட்டது. சல்லடையை வெயிலில் பிடித்தால் தரையில் என்ன விழுமோ அதுதான் விழுந்தது.

ஆடுகள் நின்றுவிட்டன. சுற்றிச் சுற்றி நடந்த தடம் மட்டும் மரத்தைச் சுற்றி வெந்த புழுதியாகக் கிடந்தது. அந்தப் புழுதியில் குட்டி விழுந்து கிடந்தது.

சுட்டி ஓடி வந்தது. மூக்கால் தள்ளிப் பார்த்தது. குட்டியின் வயிறு வேகமாக ஏறி இறங்கியது, கண் பாதி மூடியிருந்தது. நிழலுக்கு இழுத்துப் போகலாம் என்று திரும்பினால் நிழல் இல்லை. எங்குமே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அந்தக் காட்டில் நிழல் என்று சொல்ல இருந்தவை ஆடுகளுக்குக் கீழே கிடந்த நிழல்கள்தான்.

சுட்டி குட்டியின் மேலாக நின்றது. அதன் வயிற்று நிழல் குட்டியின் முகத்தை மூடியது. உடம்பு வெயிலில் கிடந்தது. கொஞ்சம் நகர்ந்தால் உடம்பு மறையும், முகத்தில் வெயில் விழும். சுட்டி முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தது. பாறைவரை நடந்து தேய்ந்த கால்கள், எவ்வளவு நேரம் தாங்கும்?

கொம்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடையது பெரிய உடம்பு. பிறகு மெல்ல வந்து சுட்டியை ஒட்டி நின்றான். குட்டி முழுவதும் மறைந்தது. இப்போது சுட்டியின் தலைதான் வெயிலில் இருந்தது. கொம்பன் இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். சுட்டி தலையைத் தாழ்த்தி அவன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது. கொம்பனின் மண்டை காய்வதைப் பார்த்து, வடக்கு மந்தையின் கிழட்டு ஆடு ஒன்று வந்து அவன் பக்கத்தில் நின்றது. கொம்பன் தலையைத் தாழ்த்தினான். அதன் தலைக்கு இன்னொன்று வந்தது. அதற்கு வேறொன்று.

"மாமா" என்றது சுட்டி, அடியிலிருந்து. "உங்க நெழலு எங்க மேல விழுது."

"விழட்டும்" என்றான் கொம்பன்.

ஆடு பேசிய கடைசிச் சொல் அதுதான்.

இருளப்பனும் வெயிலுகந்தாளும் தோல்பைகளைச் சுமந்துகொண்டு ஓடையேறி வந்தபோது முதலில் மரத்தைப் பார்த்து நின்றார்கள். பிறகு மந்தையைப் பார்த்தார்கள். இரண்டு மந்தையும் ஒரே திரளாக நின்றன. எது யாருடைய ஆடு என்று தெரியவில்லை, ஒரு தலையும் வெளியே தெரியவில்லை.

"எங் குட்டி எங்க?" வெயிலுகந்தாள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

இருளப்பன் ஆடுகளை விலக்கினார். அவை விலகின, ஆனால் நிமிரவில்லை. நடுவில் புழுதியில் குட்டி கிடந்தது. வெயிலுகந்தாள் உட்கார்ந்து அதை மடியில் எடுத்தாள். உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி வாயோரம் வைத்தாள். தண்ணீர் வழிந்தது. மறுபடி வைத்தாள், அதுவும் வழிந்தது. மூன்றாம் தடவை நாக்கு அசைந்தது. குட்டி அவள் விரலைச் சேர்த்துச் சப்பியது. வெயிலுகந்தாள் அழுதுவிட்டாள்.

"என்ன நடந்துச்சு சுட்டி? எதுக்கு வெயில்ல நிக்கீக?"

சுட்டி பதில் சொல்லவில்லை.

"ஏலே கொம்பா, நீயாச்சும் சொல்லு" என்றார் இருளப்பன்.

கொம்பன் தலையைத் தூக்கவில்லை.

"கேக்காதீங்க" என்றது மரம். "வெக்கப்படுதுங்க." நடந்ததை அதுவே சுருக்கமாகச் சொன்னது.

இருளப்பன் அந்தப் புழுதித் தடத்தைப் பார்த்தார். "முறை பாத்துக்கிடும்னு விட்டுட்டுப் போனோமே தாயி" என்றார்.

"முறைக்குக் கண்ணா இருக்கு அண்ணாச்சி? நாமதான் பாக்கணும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் அவர்கள் ஆடுகளைப் பிரிக்கவில்லை. சல்லடை நிழலில் உட்கார்ந்தபோது இருளப்பன் நடுவை விட்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். வெயிலுகந்தாளும் எதிர் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் குட்டி கிடந்தது. முந்தி வந்தது யார், பிந்தி வந்தது யார் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காட்டில் ஆடு மேய்ப்பவர்கள் இன்றும் மரத்தடியில் நடுவை விட்டு ஓரத்தில்தான் உட்காருவார்கள். ஏன் என்று கேட்டால், பழக்கம் என்பார்கள்.

மழை பிந்தி வந்தது. வந்தது போதும். வெயிலுகந்தாளின் புருஷனும் வந்து சேர்ந்தான். சுட்டியும் கிழட்டு ஆடுகளும் அதற்குப் பிறகு ஈனவே இல்லை. குட்டி மட்டும் வளர்ந்தது. வேல மரத்தின் நெற்றுகளைத் தின்று வளர்ந்தது. தின்ற விதையை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டது. தூரம் தூரமாக ஒற்றை மரங்கள் முளைத்தன. அத்தனையும் முள்ளோடு, குடை பிடித்த மாதிரி. அதனால் அதற்குக் குடைவேல் என்று பெயர் வந்தது.

குட்டியைச் சுற்றி இருந்த பெரிய ஆடுகள் யாவும் தலையைத் தொங்கவிட்டே நடந்தன. ஒன்றும் பேசவில்லை. வெட்கத்தில்தான் அப்படி இருக்கின்றன என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? ஆடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டது. சின்ன வயதில் தெரிந்த இரண்டொரு சொல்லும் மறந்து, தாயைக் கூப்பிடுகிற கத்தல் மட்டும் மிஞ்சியது. தன் குட்டிகளுக்கும் அது தெரிந்ததைத்தான் பழக்கியது. அந்தக் காட்டில் இன்றைக்கு மேய்கிற செம்மறி ஒவ்வொன்றும் அந்த ஒற்றைக் குட்டியின் வழி வந்ததுதான்.

உச்சி வெயிலில் செம்மறிகள் மேய்வதை விட்டுவிட்டு, ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நெருக்கமாய் நிற்பதும், தன் நிழல் யார் மேல் விழுகிறது என்று எந்த ஆடும் திரும்பிப் பார்க்காததும் அன்றிலிருந்துதான்.